ஏற்றத்தில் நிற்காத வேன் வேண்டும்!

அமெரிக்காவின் கொலராடோ மலைப்பக்கம் ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மகன் சக்கர நாற்காலியில். பள்ளிக்கூடம், பிசியோதெரபி என்று தினமும் மலை இறங்கி ஏற வேண்டும். பனிக்காலத்தில் வீட்டு ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டால் அப்பா இறங்கித் தள்ளலாம். மகனை இறங்கி நடக்கச் சொல்ல முடியுமா?

மினி வேன் போதாதா என்பார்கள். நாற்காலி நுழைவதற்காக அதன் தரைத்தளத்தை வெட்டித் தாழ்த்துவார்கள். பின் சக்கரங்களுக்குச் சக்தி கொண்டுபோகும் ஷாஃப்ட் போவதும் வழக்கமாக அந்த இடத்தில்தான். அதனால் அப்படி மாற்றிய வண்டிகளில் பெரும்பாலானவை முன் சக்கர இழுவையோடு நின்றுவிடும். போதாக்குறைக்குத் தாழ்ந்த வயிறு பனியில் உரசும். ஆள் உட்காராமலே 150 கிலோவைத் தொடும் மோட்டார் நாற்காலிகளும் உண்டு. ஆக, பெரிய வேன்தான்.

ஆனால் பெரிய வேனில் ஃபோர் வீல் டிரைவ் கிடைப்பது நெடுங்காலம் லேசில் நடக்கிற காரியமாக இல்லை. ஃபோர்டின் ஈ-சீரிஸ் வேன்கள் பின் சக்கர இழுவையோடுதான் தொழிற்சாலையை விட்டு வந்தன. புது வண்டியை வாங்கி, பென்சில்வேனியாவின் குவிக்லி போன்ற பட்டறைகளுக்கு அனுப்பி, முன் ஆக்ஸிலும் டிரான்ஸ்ஃபர் கேஸும் பொருத்தி வாங்க வேண்டும். வேன் விலைக்கு மேல் இன்னொரு செலவு. 2015 மாடலில் மெர்சிடிஸ் ஸ்பிரின்டர், 2020 மாடலில் ஃபோர்டு டிரான்சிட் என்று வந்த பிறகு அவற்றை ஷோரூமிலேயே கேட்டு வாங்க முடிந்தது.

எதை வாங்குவது? பார்க்க மிடுக்காக இருப்பது அந்தக் காலத்து ஸ்பிரின்டர் ஃபோர் பை ஃபோர். சாதாரண ஸ்பிரின்டரைவிடச் சில அங்குலம் உயரம். காட்டுப்பாதைக்கு லோ கியரும் கேட்டு வாங்கலாம். ஆனால் அந்தச் சில அங்குலம்தான் இங்கே வில்லன். வண்டி உயர உயர, நாற்காலியைத் தூக்கும் லிஃப்ட்டும் அவ்வளவு தூரம் இறங்கி ஏற வேண்டும். சாய்வுப்பலகை என்றால் செங்குத்தாகிவிடும். டிரான்சிட்டின் ஆல் வீல் டிரைவில் லோ கியர் கிடையாது. ஆனால் வண்டியும் உயராது. பாறை ஏறப் போவதில்லையே! இந்த வீட்டுக்கு அதுவே சரி. எதை எடுத்தாலும் லிஃப்ட் பொருத்துபவரிடம் அளவு கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுப்பது நல்லது. பலர் தலைகீழாகச் செய்துவிட்டுத் தவிக்கிறார்கள்.

பழைய வண்டி பார்ப்பவர்கள் பெயின்ட்டைப் பார்த்து மயங்காமல் அடியில் குனிந்து பார்க்கட்டும். பனி உருகச் சாலையில் தூவும் உப்பு, இரும்பைத் தின்றுவிடும். ஓட்டிப் பார்க்கும்போது ஃபோர் வீலைப் போட்டும் பார்க்க வேண்டும். பழைய பாணி அமைப்பு என்றால் மண் தரையில் மட்டும். காய்ந்த தார் ரோட்டில் போட்டுத் திருப்பினால் பற்சக்கரங்கள் முறுக்கிக்கொள்ளும்.

நான்கு சக்கரமும் இழுக்கிறதே என்ற தைரியத்தில் டயரை மறப்பவர்களும் உண்டு. ஃபோர் வீல் டிரைவ் வண்டியைக் கிளப்பும், ஏற்றும். பிரேக் போட்டால் நிறுத்துவது டயர்தான். கொலராடோவின் ஐ-70 மலைச்சாலையில் செப்டம்பர் முதல் மே வரை ஃபோர் வீல் வண்டிக்கும் டயர் பள்ளம் சுமார் 5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பது சட்டம்.

கடைசியாக ஒன்று. அங்கே வீட்டு கராஜ் கதவு பெரும்பாலும் 7 அடிதான். உயரக் கூரை வேன் உள்ளே போகாது. ராத்திரி முழுக்க வெளியேதான் நிற்கும். பள்ளி நாட்களில் யாராவது ஒருவர் அரை மணி முன்னதாக எழுந்து, லிஃப்ட்டில் உறைந்த பனியைத் தட்டிவிட வேண்டியிருக்கும்.