பட்டாளத்து நம்பர்

பெங்களூரில் அல்சூர், சிவாஜிநகர், ஆஸ்டின் டவுன் பக்கம் தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பங்களில், "எங்கள் தாத்தா பட்டாளத்துக்காரர்" என்று பெருமையோடு சொல்பவர்கள் பலர். எந்தப் பட்டாளம், எந்த வருஷம், எந்த முனையில் இருந்தார் என்று அடுத்த கேள்வி கேட்டால் பேச்சு நின்றுவிடும். சிலர் பர்மா என்பார்கள். சிலர் பஸ்ரா என்பார்கள். அதற்கு மேல் தெரியாது. தெரிந்தவர்கள் அநேகமாகக் காலமாகிவிட்டார்கள். இனிப் பேச வேண்டியவை காகிதங்கள்தாம். அந்தக் காகிதங்களும் அழிந்து வருகின்றன என்பதுதான் கவலைக்குரிய விஷயம்.

முதல் உலக யுத்தத்தில் இந்தியாவிலிருந்து 13 லட்சம் பேருக்கு மேல் பணியாற்றினர். 74,000 பேருக்கு மேல் மடிந்தனர். இரண்டாம் உலக யுத்தத்தில் இந்திய ராணுவம் 25 லட்சம் பேராகப் பெருகியது; இறந்தவர்கள் சுமார் 87,000 பேர். அன்றைய சென்னை மாகாணத்திலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் திரண்டு சேர்ந்தனர். கட்டாய ஆள்சேர்ப்பு கிடையாது என்று சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் மழை பொய்த்த வட ஆற்காட்டுக் கிராமத்திலும் சேலத்துக் கிராமத்திலும், மாதச் சம்பளமும் மூன்று வேளைச் சாப்பாடும் என்ற வார்த்தைக்கு இருந்த பலம் எந்தச் சட்டத்துக்கும் குறைந்ததல்ல.

இவர்களில் சிலருடைய பெயர் நிலைத்திருக்கிறது. மெட்ராஸ் சாப்பர்ஸ் படையைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன், 1944ல் இத்தாலியில் கண்ணிவெடி வெடிக்கும் தறுவாயில் அதன் மேல் விழுந்து தோழர்களைக் காத்து உயிர் நீத்தார். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் விருது அளிக்கப்பட்டது. பாலம் கட்டியவர்கள், லாரி ஓட்டியவர்கள், மூட்டை சுமந்தவர்கள், சமையல் செய்தவர்கள் ஆகியோரை யார் எழுதி வைத்தார்கள்?

எழுதித்தான் வைத்தார்கள். ராணுவத்தில் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர் உண்டு. 'ஷீட் ரோல்' என்ற ஏட்டில் பெயர், தகப்பனார் பெயர், கிராமம், தாலுகா, ஜில்லா, சேர்ந்த நாள், போன இடங்கள், விலகிய காரணம் எல்லாம் பதிவாயின. அரசு உத்தியோகத்தில் இருப்பவர்களுக்குச் சர்வீஸ் புத்தகம் எப்படியோ, அப்படி. ஆனால் ராணுவ விதிகளின்படி, பென்ஷன் பெறாதவரின் ஷீட் ரோலை 25 ஆண்டுகளுக்குப் பிறகு அழித்துவிடலாம். நிரந்தரமாக வைக்கப்படுவது 'லாங் ரோல்' எனப்படும் பெரிய பதிவேடு ஒன்றுதான். அதில் ஓர் ஆளுக்குக் கிடைப்பது சில வரிகளே.

இந்த விதியால் அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். சிப்பாய்க்குப் பென்ஷன் கிடைக்கப் பதினைந்து ஆண்டு சேவை தேவை. யுத்தத்துக்காக 1940, 1942 ஆண்டுகளில் சேர்க்கப்பட்டு, யுத்தம் முடிந்ததும் 1946ல் வீட்டுக்கு அனுப்பப்பட்டவருக்கு ஏது பதினைந்து ஆண்டு? ஆகவே யுத்தத்தின் முழுச் சுமையையும் தாங்கியவர்களே பென்ஷன் இல்லாதவர்கள் கணக்கில் வந்தார்கள். அவர்களுடைய காகிதங்களே முதலில் நெருப்புக்குப் போயின. "ஆவணங்கள் அழிக்கப்பட்டுவிட்டன" என்ற ஒற்றை வரிப் பதிலை வாங்கிக்கொண்டு திரும்பும் குடும்பங்களுக்கு இந்தக் காரணம்கூடச் சொல்லப்படுவதில்லை.

இது வெறும் குடும்பப் பெருமை பற்றிய பேச்சு அல்ல. தமிழ்நாடு உள்ளிட்ட பல மாநில அரசுகள், பென்ஷன் இல்லாத இரண்டாம் உலகப் போர் வீரர்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் மாதாந்திர உதவித் தொகை வழங்க முன்வந்தன. அந்த உதவிக்கும் காகிதம்தான் ஆதாரம். தொண்ணூறு வயது மூதாட்டி, கணவர் பர்மாவுக்குப் போனதை வாயால் சொன்னால் அலுவலகம் ஏற்காது, நம்பரைக் கேட்கும்.

எனவே குடும்பத்தினர் முதலில் தேட வேண்டியது அந்த நம்பரைத்தான். ஒரே படையில் நூறு ராமசாமிகள் இருந்திருப்பார்கள். நம்பர் ஒருவருக்கு மட்டுமே உரியது. டிஸ்சார்ஜ் சர்டிபிகேட் இருந்தால் அதில் இருக்கும். அது கரையானுக்கு இரையாகியிருந்தால் பதக்கத்தைப் பார்க்கலாம். முதல் யுத்தப் பதக்கங்களின் விளிம்பில் நம்பர், பதவி, பெயர், படை ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். இரண்டாம் யுத்தத்தில் இந்தியப் படையினருக்குக் கிடைத்த பதக்கங்கள் பலவற்றிலும் அப்படியே உண்டு. பழைய பாத்திரத்தோடு அவற்றை எடைக்குப் போட்டுவிடுவது, குடும்பத்தின் கடைசிச் சாட்சியை விற்பதற்குச் சமம்.

அடுத்தது, எங்கே கேட்பது என்பது. தமிழர் என்றால் மெட்ராஸ் ரெஜிமென்ட்தான் என்று எண்ணி, அங்கே எழுதிப் பார்த்துவிட்டுச் சோர்ந்துபோகிறவர்கள் உண்டு. பெருவாரியான தமிழர்கள் மற்றப் பிரிவுகளில் இருந்தார்கள். மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு நீலகிரியில் வெலிங்டன், சாப்பர்ஸுக்கும் பயனீர் படைக்கும் பெங்களூர், தளவாடப் பிரிவுக்கும் மெக்கானிக்குகளின் பிரிவுக்கும் செகந்திராபாத், சிக்னலுக்கு ஜபல்பூர், பீரங்கிப் படைக்கு நாசிக். ஆகவே எந்தப் பிரிவு என்று தெரிந்துகொண்டு மனு எழுதுவது நல்லது. வீட்டிலுள்ள பழைய போட்டோவில் தொப்பியிலோ தோளிலோ தெரியும் சின்னம் அதைச் சொல்லிவிடும்.

பெயர் விஷயத்திலும் எச்சரிக்கை தேவை. முனுசாமியை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதலாம். பதிவு செய்த குமாஸ்தா ஐந்தாவது விதமாக எழுதியிருப்பார். ஜில்லாவும் மாறிவிட்டது. இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் எல்லாம் அன்று சேலம் ஜில்லா. வேலூரும் திருவண்ணாமலையும் வட ஆற்காடு. பழைய பெயரைச் சொல்லித்தான் தேட வேண்டும்.

போரில் இறந்தவர்களைப் பொறுத்த மட்டில் ஒரு வசதி இருக்கிறது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலைக் கம்ப்யூட்டரில் எவரும் இலவசமாகப் பார்க்கலாம். உடல் கிடைக்காதவர்களுக்காக ரங்கூனுக்கு வெளியே எழுப்பப்பட்ட நினைவுச் சின்னத்தில் ஏறத்தாழ 27,000 பெயர்களும், சிங்கப்பூரில் 24,000க்கு மேற்பட்ட பெயர்களும் உள்ளன. ஆனால் இதிலும் ஓரவஞ்சனை நடந்தது. முதல் யுத்தத்தில் மெசபடோமியாவில் இறந்தவர்களுக்காகப் பஸ்ராவில் எழுப்பிய சின்னத்தில், வெள்ளைக்காரச் சிப்பாய்க்குப் பெயர் பொறித்தார்கள். சாதாரண இந்தியச் சிப்பாய்களுக்கு எத்தனை பேர் என்ற எண்ணிக்கையை மட்டும் பொறித்தார்கள். இந்தப் பாகுபாட்டை ஒப்புக்கொண்டு அந்த ஆணையம் 2021ல் மன்னிப்புக் கேட்டது.

வெள்ளைக்காரன் செய்ததைக் குறை கூறினால் மட்டும் போதுமா? அவனுக்காகச் சண்டை போட்டவர்கள்தானே என்று சுதந்திர இந்தியாவும் இவர்களைப் பாராமுகமாக விட்டது. மறுபக்கம், மலேயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்த தமிழர்கள் ஏராளம். அந்த ராணுவம் பற்றிய 990 கோப்புகள் 1997ல்தான் பாதுகாப்பு அமைச்சகத்திலிருந்து டில்லி தேசிய ஆவணக் காப்பகத்துக்கு வந்தன. அதாவது சுதந்திரம் கிடைத்து ஐம்பது ஆண்டு கழித்து! கூலிக்குப் போனவரும் கொள்கைக்காகப் போனவரும் ஒரே மண்ணின் பிள்ளைகள். இருவருடைய பெயரும் பத்திரமாக இருக்க வேண்டும்.

தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கிடைக்கும் பதிவு, வீட்டில் சொல்லி வந்த கதைக்கு ஒத்துவராமல் போகலாம். துப்பாக்கி பிடித்தவர் என்று எண்ணியிருந்தவர் சலவைக்காரராக இருந்திருக்கலாம். நோயின் காரணமாகத் திருப்பி அனுப்பப்பட்டிருக்கலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மலேரியா நிறைந்த காட்டில் ஆயிரம் பேருக்குச் சோறு பொங்கியவர் இல்லாமல் எந்தச் சண்டையும் நடக்கவில்லை.

மத்திய அரசு செய்ய வேண்டியது பெரிய செலவு பிடிக்கும் காரியம் அல்ல. எஞ்சியிருக்கும் லாங் ரோல்களைப் படம் பிடித்து, இரு யுத்தங்களிலும் பணியாற்றியவர்களின் பெயர்களைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். பழைய காகிதம் எதையும் இனி அழிக்கக் கூடாது என்று உத்தரவு பிறப்பிக்க வேண்டும். பஞ்சாபில் இதற்கு முன்மாதிரி இருக்கிறது. முதல் யுத்தத்தில் பணியாற்றிய சுமார் 3,20,000 பஞ்சாபியரின் பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் ஏறக்குறைய நூறு ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தன. இங்கிலாந்தில் வாழும் பஞ்சாபியர் முன்வந்து, கிரீனிச் பல்கலைக்கழகத்தின் துணையுடன், அவற்றில் ஒரு பகுதியை 2021ல் வெளியிட்டனர். பிறந்த ஊரை விட்டுத் தொலைவில் வாழ்பவர்கள்தாம் அதைச் செய்தார்கள் என்பதை வெளிமாநிலத் தமிழர்கள் கவனிக்க வேண்டும்.

இங்குள்ள தமிழ்ச் சங்கங்களும் தொழிலாளர் மன்றங்களும் ஆண்டு விழாவுக்குச் செலவிடும் உழைப்பில் சிறு பங்கை இதற்கு ஒதுக்கலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் மேஜை போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களின் பழைய காகிதங்களைப் படித்து, நம்பரைக் குறித்து, ஆங்கிலத்தில் ஒரு மனு எழுதிக் கொடுக்கலாம். இதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. பதிவேட்டோடு பழகிய ஒரு குமாஸ்தா போதும். வீட்டிலிருக்கும் டிரங்குப் பெட்டியை இந்த வாரமே திறந்து பார்ப்பது குடும்பத்தினர் பொறுப்பு. அடுத்த மழைக்காலம் வரை அந்தக் காகிதம் தாங்குமா என்பது யாருக்கும் தெரியாது.