யாத்திரைத் துணை: பத்துமலை செல்வோரும் ஏ.டி.எம். திரையும்

கோலாலம்பூருக்கு அருகே பத்துமலையில் எழுந்தருளியுள்ள முருகப்பெருமானைத் தரிசிக்க, தமிழகத்திலிருந்து மூத்த அன்பர்கள் பலர் இப்போது விமானமேறிச் செல்கின்றனர். 140 அடி உயரத் திருவுருவத்தை வணங்கி, 272 படிகளை ஏறிக் குகைக்கோயிலை அடைவது அவர்களது நெடுநாள் விருப்பம். அர்ச்சனைச் சீட்டு, உண்டியல் காணிக்கை, இளநீர், டாக்ஸி என்று அங்கே கையில் சிறிது ரிங்கிட் இருந்தாக வேண்டும். அதற்காக ஏ.டி.எம். இயந்திரத்தை நாடும்போதுதான் ஓர் இழப்பு ஓசையின்றி நேர்கிறது.

இந்திய வங்கியின் கார்டு என்பதை இயந்திரம் அறிந்துகொள்கிறது. தொகையைக் குறித்தவுடன், 'இத்தனை ரூபாய் உங்கள் கணக்கில் பிடிக்கப்படும், சம்மதமா?' என்று திரையில் கேட்கிறது. பழகிய ரூபாய்க் கணக்கைக் கண்டதும் மனம் ஆறுதலடைகிறது. விரலும் சம்மதத்தை அழுத்திவிடுகிறது. இதற்கு 'டைனமிக் கரன்சி கன்வெர்ஷன்' என்று பெயர். ரிங்கிட்டுக்கு எத்தனை ரூபாய் என்பதை இங்கே அந்த இயந்திரத்தை நடத்துவோரே, தமது லாபத்தையும் சேர்த்து, நிர்ணயிக்கின்றனர்.

சம்மதிக்காவிட்டால், விசா, மாஸ்டர்கார்டு போன்ற நிறுவனத்தின் அன்றைய மதிப்பில் கணக்கிடப்படும். அதன்மேல் நம் வங்கி ஒரு விழுக்காட்டைச் சேர்க்கும். கணக்கு எளிதாக, ஒரு ரிங்கிட் 20 ரூபாய் எனக் கொள்வோம். 1,000 ரிங்கிட்டின் மதிப்பு 20,000 ரூபாய். இயந்திரம் 8 விழுக்காடு கூட்டினால் 21,600 ரூபாய் ஆகும். நம் வங்கியின் கூடுதல் 3.5 விழுக்காடு எனில் 700 ரூபாய். அதற்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. 126 ரூபாய், ஆக 20,826 ரூபாய். ஒரே பொத்தானில் வேறுபாடு 774 ரூபாய்.

முதியோரைத் தயங்கவைப்பது திரையில் வரும் சொல்லே. 'அக்செப்ட்' என்பது ஏற்பு. 'டிக்லைன்' என்பது மறுப்பு. மறுத்தால் பணம் வராதோ, கார்டு உள்ளேயே நின்றுவிடுமோ என அஞ்சுவது இயல்பு. மறுக்கப்படுவது ரூபாயாக மாற்றும் அந்த ஏற்பாடு மட்டுமே. ரிங்கிட் நோட்டுகள் வழக்கம்போல் வெளிவரும். அரிதாக இயந்திரம் அத்துடன் முடித்துக்கொண்டால், கார்டைப் பெற்றுக்கொண்டு வேறு வங்கியின் இயந்திரத்திற்குச் செல்லலாம். கடையில் கார்டைத் தரும்போது, 'ரூபாயா, ரிங்கிட்டா?' என்று கேட்டாலும் 'ரிங்கிட்' என்பதே விடை.

புறப்படுமுன் செய்ய வேண்டியவையும் உண்டு. 2020 அக்டோபர் முதல், புதிதாக வழங்கப்படும் கார்டுகள் ரிசர்வ் வங்கியின் விதிப்படி உள்நாட்டில் மட்டுமே செயல்படும். வெளிநாட்டுப் பயன்பாட்டை நாமே கேட்டுப் பெற வேண்டும். வங்கிக் கிளைக்குச் சென்று அதைச் செய்துகொள்வதோடு, ஒருமுறை பணம் எடுக்க எவ்வளவு கட்டணம் என்பதையும் விசாரித்தல் நலம். எடுக்கும் தொகை எதுவாயினும் ஒவ்வொரு முறையும் குறிப்பிட்ட கட்டணம் பிடிக்கும் வங்கிகள் உள்ளன. ஆதலால் சிறுசிறு தொகையாகப் பலமுறை எடுப்பது வீண். கிரெடிட் கார்டில் பணம் எடுப்பதைத் தவிர்க்கவும். எடுத்த நாள் முதலே வட்டி தொடங்கிவிடும்.

ஆங்கிலம் பழகாதோர், 'டிக்லைன் கன்வெர்ஷன்' என்ற சொற்களைப் பிள்ளைகளிடம் சொல்லிப் பெரிய எழுத்தில் எழுதி வாங்கி, பாஸ்போர்ட்டுடன் வைத்துக்கொள்ளலாம். ரகசிய எண்ணை மட்டும் எங்கும் எழுதலாகாது. திரையில் அச்சொற்கள் தோன்றும்போது பதற்றமின்றி ஒப்பிட்டுப் பார்த்து அழுத்தலாம். அவ்வாறு மிஞ்சும் தொகை, முருகன் சந்நிதியில் அர்ச்சனைக்கோ அன்னதானத்திற்கோ பயன்படட்டும்.