தறி ஓசையும் தட்டில் ஏறட்டும்!

"மின்சார நிலையம்" என்று ஒரு பாட்டுக் குழுவுக்கு யாராவது பெயர் வைப்பார்களா?

ஜெர்மனியில் இரண்டு வாலிபர்கள் வைத்தார்கள். குழுவின் பெயர் "கிராப்ட்வெர்க்". ஜெர்மன் மொழியில் அதற்கு மின்சார நிலையம் என்று அர்த்தம். நம் மேட்டூரில் புகைபோக்கிகளுடன் நிற்கிறதே, அந்த மாதிரி நிலையம்தான்!

ஒருவர் ரால்ப் ஹூட்டர். மற்றவர் புளோரியன் ஷ்னைடர். டூசல்டார்ப் நகரில் குழுவை ஆரம்பித்தார்கள். அதை ஒட்டிய சீமை முழுவதும் அப்போது இரும்பு ஆலைகளும் நிலக்கரிச் சுரங்கங்களும் நிறைந்திருந்தன. ரால்ப் பிறந்த கிரேபெல்டு என்ற ஊரோ பட்டு நெசவுக்குப் பேர் போனது. பக்கத்தில் இரும்பு, பக்கத்தில் பட்டு! சேலத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1970-இல் அவர்களுடைய முதல் இசைத்தட்டு வந்தது. உறையில் அழகியின் படம் இல்லை. பூவும் இல்லை. சாலை மராமத்து நடக்கும் இடத்தில் சிவப்பும் வெள்ளையுமாகக் கூம்பு வைப்பார்களே, அதுதான் படம்! நாமக்கல் லாரி டிரைவர்களுக்கு அது பழகிய முகம்.

இயந்திர இசை என்றாலே உலகம் இந்தக் குழுவைத்தான் சொல்லும். ஆனால் முதல் தட்டைப் போட்டால் முதலில் கேட்பது என்ன தெரியுமா? புல்லாங்குழல்!

அந்தப் பாட்டின் பெயர் "ருக்சுக்". நம் பேச்சில் சொன்னால் "சட்டுப்புட்டு". புளோரியன் குழலை இழுத்து ஊதவில்லை. வெட்டி வெட்டி ஊதுகிறார். ஊதியதன் மேலேயே மறுபடி ஊதிப் பதிவு செய்திருக்கிறார்கள். அதைக் கேட்டபோது எனக்குப் பள்ளிபாளையத்துத் தறிக்குடோன்தான் நினைவுக்கு வந்தது. நாடா இந்தப் பக்கம் ஒரு ஓட்டம், அந்தப் பக்கம் ஒரு ஓட்டம். டக் டக், டக் டக்!

தட்டில் மொத்தம் நாலே உருப்படிகள். பாடும் குரல் கிடையாது. கடைசி உருப்படியில் வானத்திலிருந்து குண்டு விழுவது போன்ற ஒலி கேட்கும். இருவரும் 1946, 1947-இல் பிறந்தவர்கள். போரில் நொறுங்கிய நாட்டில் வளர்ந்த பிள்ளைகள். அந்த ஒலி வேறு எங்கிருந்து வரும்?

நாற்பது நிமிடமும் இனிக்கும் என்று சொன்னால் அது பொய். சில இடங்களில் நிறுத்துவதற்குக் கை தானாகப் போகும். "இது சங்கீதமா, சத்தமா?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்டால் கோபிக்கக் கூடாது.

பிறகு 1974-இல் "ஆட்டோபான்" வந்தது. நெடுஞ்சாலையில் கார் ஓட்டுவதைப் பற்றிய பாட்டு. 22 நிமிடத்துக்கு மேல் ஓடும். கார் கதவு சாத்தும் ஓசை, இஞ்சின் கிளம்பும் ஓசை, ஹார்ன் எல்லாம் அதில் உண்டு. அதோடு உலகப் புகழ் வந்தது.

புகழ் வந்ததும் முதல் பிள்ளையை மறந்தார்கள்! 2009-இல் தங்கள் தட்டுகளைத் தொகுத்து வெளியிட்டபோது "ஆட்டோபான்" முதல்தான் சேர்த்தார்கள். 1970-இன் தட்டுக்கு இடமில்லை. இது எனக்குப் பிடிக்கவில்லை. தலைப்பிள்ளை கறுப்போ சிவப்போ, அதை ஒளித்து வைக்கலாமா? இயந்திர இசை மனிதனின் மூச்சில்தான் தொடங்கியது என்பதற்கு அந்தத் தட்டே சாட்சி.

நம் நாட்டுக்கும் அந்தக் கருவிகள் வந்து சேர்ந்தன. 1986-இல் "புன்னகை மன்னன்" படத்துக்கு இளையராஜா கம்ப்யூட்டர் துணையோடு இசை அமைத்தார். தமிழ்நாடே கேட்டது. ஆனால் குமாரபாளையத்துத் தறிக்கும், திருச்செங்கோட்டு ரிக் லாரிக்கும், நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் சுத்தியலுக்கும் அந்த மரியாதை எப்போது?

இதைத் தறி ஓட்டும் ஒரு தாயிடம் போய், "அம்மா, இது சங்கீதம்" என்று சொல்லிப் பாருங்கள். அடிக்க வருவார். நியாயம்தான்! பல தறிக்கூடங்களில் ஓசை 90 டெசிபலுக்கு மேல் போகிறது. தினம் 8 மணி நேரம் 85 டெசிபலைத் தாண்டிக் கேட்டாலே நாளடைவில் காது மந்தமாகும். ஜெர்மன் வாலிபர்கள் ஆலைச் சத்தத்தைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனவர்கள். இந்த அம்மாவுக்கு அதுவே பிழைப்பு. ஆகவே, முதலாளிமாரே, முதலில் காதடைப்பான் வாங்கிக் கொடுங்கள். பாட்டு அப்புறம் இருக்கட்டும்.

ஆனால் ரொம்ப நாள் தள்ளவும் முடியாது. நாடா இல்லாத புதுத் தறிகள் வந்துவிட்டன. பழைய தறிகள் எடைக்கு எடை இரும்புக் கடைக்குப் போகின்றன. தறி போனால் அந்த "டக் டக்"கும் போய்விடும்.

வீட்டுக்கு வீடு செல்போன் இருக்கிறது. தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் ஒரு நாள், பாவு தீரும் வரை அந்த ஓசையைப் பதிவு செய்யட்டும். குழல் ஊதத் தெரிந்த நண்பன் ஒருவன் கூட இருந்தால் இன்னும் நல்லது. லாரிக்காரர் பிள்ளைகளும் சேரலாம். ஏர் ஹாரன் மட்டும் வேண்டாம். அது சட்டப்படி குற்றம்!