இடைவேளையில் ஏன் இரைச்சல்?

திருவிழாத் திடலில் நாதஸ்வரம் முடிந்து மெல்லிசைக் குழு மேடையேறும் வரையிலும், கச்சேரி முடிந்து கூட்டம் கலையும் வரையிலும் ஒலிபெருக்கியில் பதிவுப் பாடல்கள் அலறுகின்றன. சற்றுமுன் கேட்ட இசையைப் பற்றி நண்பரிடம் நாலு வார்த்தை பேச முடிவதில்லை. வரும் கலைஞர்கள் சுருதி சேர்ப்பதும் இந்த இரைச்சலில்தான்!

இசை நிகழும் இடங்களில் ஒலியின் சராசரி 100 டெசிபலைத் தாண்டலாகாது. செவிக்கு ஓய்வு தரும் அமைதியான இடமும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வரையறுத்தது. திறந்த திடலில் அப்படித் தனியிடம் ஏது? இடைவேளைதானே செவிக்கு ஓய்வு? அதையும் பறிக்கலாமா?

பாட்டு நின்றால் கூட்டம் கலைந்துவிடும் என்பர் விழாக் குழுவினர். பாட்டை நிறுத்தச் சொல்லவில்லை. பேச்சை மூழ்கடிக்காமல் ஒலிக்கட்டும் என்கிறேன். நமது கல்லூரி விழாவிலேயே மைக் செட்காரரிடம் இதைச் சொல்லிவைத்தால் என்ன?