குறி தவறியது துப்பாக்கியா?

போன வாரம் ஒரு மாலை, நண்பர் ஒருவர் பிள்ளையார்பாளையத்தில் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். உலகத்தில் எந்த விஷயத்தைப் பற்றியும் அவருக்குத் தீர்மானமான அபிப்பிராயம் ஒன்று உண்டு. பேச்சு எப்படியோ போலீஸ்காரர்களின் பழைய ‘த்ரீ நாட் த்ரீ’ துப்பாக்கிக்கு வந்தது.

“அந்தக் கழிகளையெல்லாம் உருக்கி ஆணி செய்யலாம், சார்! ஆனையைப் பார்த்துச் சுட்டால் பூனை மேலே படும்” என்றார்.

நான் சிரிக்கவில்லை. கல்லூரியில் என்.சி.சி. மாணவனாக அந்தக் கழியைத் தோள் நோகச் சுமந்தவன் நான். அவை அணிவகுப்புக்கு மட்டுமே, சுடுவதற்கு வேறாக.22 துப்பாக்கிகள் இருந்தன. வருஷத்துக்கு ஒரு நாள், ஆளுக்கு ஐந்து தோட்டா. இருபத்தைந்து கஜத்தில் இலக்கு. என் ஐந்து துளைகளும் காகிதத்தின் ஐந்து மூலைக்குப் போயின. காகிதத்துக்கு நான்கே மூலை என்பதால் ஒன்று வெளியே போயிற்று.

“துப்பாக்கி சரியில்லை, சார்” என்றேன்.

பயிற்சி கொடுத்த ஹவில்தார் கோபிக்கவில்லை. துப்பாக்கியை வாங்கி, கட்டையையும் குழலையும் பிடித்து அசைத்துப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு திருப்புளியை எடுத்து, கட்டையின் அடியில் தளர்ந்திருந்த திருகை முடுக்கினார். அன்று வராத பையன் ஒருவனின் ஐந்து தோட்டாக்களை எனக்குக் கொடுத்தார். நான்கு துளைகள் ஒரு ரூபாய்க் காசுக்குள் அடங்கின. ஐந்தாவது தள்ளி நின்றது.

“நாலு துப்பாக்கியோடது, தம்பி. தள்ளி நிக்குதே, அது உன்னோடது” என்றார் அவர்.

இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியதைத்தான் நம் நாட்டுப் பெரியவர்கள் இன்னும் புரிந்துகொள்ளவில்லை என்கிறேன்.

குறி என்பது மந்திரமல்ல. ஒவ்வொரு தடவையும் குழல் ஒரே விதமாக அதிர்ந்து, குண்டு ஒரே விதமாக வெளியேற வேண்டும், அவ்வளவுதான். பழைய த்ரீ நாட் த்ரீயில் குழலின் நுனிவரை மரம் போர்த்தியிருக்கும். மழைக்காலத்தில் மரம் ஊதும், கோடையில் சுருங்கும். அது குழலை ஒரு பக்கம் நெருக்கினால் குண்டு இன்னொரு பக்கம் போகும். உள்ளே குண்டைச் சுழற்றிவிடும் வரிகள் சுடச்சுடத் தேயும். துடைக்கும் கயிறு வருஷக்கணக்காக உராய்ந்து குழலின் வாயே கோணிப்போவதும் உண்டு. விசை கரகரத்தால், இழுக்கிற விரல் துப்பாக்கியையே அசைத்துவிடும். இவற்றில் எது பழைமையின் குற்றம்? எல்லாம் பராமரிப்பின் குற்றம்.

பழைய துப்பாக்கியைத் துல்லியமாக்குவது பைத்தியக்காரத்தனம் என்பவர்கள் பிரிட்டிஷ்காரன் செய்ததைப் பார்க்கட்டும். இரண்டாம் உலகப் போரின்போது, தொழிற்சாலையில் சுட்டுப் பார்த்து, குறி நெருங்கி விழுந்த நான்காம் நம்பர் துப்பாக்கிகளை மட்டும் அவன் பொறுக்கி எடுத்தான். 1942 முதல் அவை லண்டனில் வேட்டைத் துப்பாக்கி செய்யும் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கம்பெனிக்குப் போயின. அங்கே மூன்று மடங்கு பெரிதாக்கிக் காட்டும் டெலஸ்கோப்பும், கன்னம் பதிக்க ஒரு மரத்துண்டும் பொருத்தப்பட்டன. வரிசையைக் கவனியுங்கள்: முதலில் நல்ல துப்பாக்கி, பிறகுதான் டெலஸ்கோப்.

அதோடு விடவில்லை. 1970-இல் அதே துப்பாக்கிகளை மறுபடி எடுத்துக் கனத்த 7.62 மி.மீ. குழல் மாட்டினான். முன்கட்டையை வெட்டிக் குறைத்து, குழல் மரத்தில் படாமல் தனித்து நிற்கும்படி செய்தான். எல்42ஏ1 என்று பெயரிட்டான். 1982-இல் பாக்லாந்து யுத்தத்துக்கு அது போயிற்று. தகப்பன் காலத்துத் துப்பாக்கி, மகன் காலத்து யுத்தம்!

நாமும் ஒருமுறை புத்தியோடு நடந்திருக்கிறோம். 1962-இல் லடாக் பனியில் நம் ஜவான்கள் த்ரீ நாட் த்ரீயோடுதான் நின்றார்கள். அதன்பின் வங்காளத்தில் உள்ள ஈஷாப்பூர் தொழிற்சாலை, அதே அமைப்பை 7.62 தோட்டாவுக்கு மாற்றியது. புதுத் தோட்டாவின் அழுத்தம் அதிகம். ஆகவே பழைய உடலில் புதுக் குழலைத் திருகிவிட்டு ஒப்பேற்றாமல், உடலுக்கே உறுதியான எஃகை எடுத்தது. பின்னால் வந்த 2ஏ1 மாதிரியில், 2,000 என்று பெருமையடித்த குறியை 800 மீட்டருக்கு இறக்கியது. தன் சக்தியை அறிந்து அளவைக் குறைத்துக்கொள்வதும் முன்னேற்றம்தான்.

“இயந்திரத் துப்பாக்கிக்கு முன்னால் இது நிற்குமா?” என்று கேட்கலாம். நிற்காது. ஒரு தடவை சுட்டதும் போல்ட்டை இழுத்துத் தள்ள வேண்டிய ஆயுதத்தோடு, மாரியாகப் பொழிகிறவனை எதிர்க்கச் சொல்வது கொடுமை. 2008 நவம்பரில் பம்பாய் ரயில் நிலையத்தில் நம் காவலர்களுக்கு நேர்ந்தது அதுதான். நாடு முழுவதும் துப்பாக்கியை ஏசியது. ஆனால் அதை விசாரித்த பிரதான் குழு இன்னொன்றையும் சொல்லிற்று: போலீசாரின் சுடும் பயிற்சிக்குத் தோட்டா பற்றாக்குறை. அதை யார் ஏசினார்கள்? 2020 குடியரசு தின அணிவகுப்போடு உத்தரப் பிரதேச போலீஸ் த்ரீ நாட் த்ரீக்கு விடை கொடுத்தது. கொடுக்கட்டும். புதுத் துப்பாக்கிக்கும் வருஷத்துக்கு ஐந்து தோட்டாதான் என்றால், விடை கொடுத்தது எதற்கு?

என் தகப்பனார் தறி நெய்தவர். ஒருமுறை முதலாளி ஒரு புடவையைத் திருப்பி அனுப்பினார். உடலும் கரையும் சேரும் கோர்வை நேராக இல்லை. “தறி பழசாயிடுச்சு, அப்பா. மாத்திடலாம்” என்றேன். அவர் பதில் பேசாமல் குழிக்குள் இறங்கினார். பாவின் இழுப்பைத் தொட்டுப் பார்த்தார். பண்ணையைத் தடவிப் பார்த்தார். கரைப் பாவு ஓரிடத்தில் தொய்ந்திருந்தது. அதைச் சரிசெய்ய அரை நாள் ஆயிற்று. அந்தத் தறியில்தான் பிறகு என் அக்காவின் கல்யாணப் புடவை நெய்யப்பட்டது. தறிக்காரனுக்குத் தெரிந்த இந்த நியாயம் கோட்டையில் இருப்பவர்களுக்குத் தெரியாதா?

இன்னொரு கூட்டம் இருக்கிறது. தேய்ந்த குழல்மேல் விலையுயர்ந்த டெலஸ்கோப்பை மாட்டிவிட்டால் போதும் என்று நினைக்கிற கூட்டம். கண் கெட்டவனுக்குத் தங்கப் பிரேம் போட்ட கண்ணாடி மாதிரிதான் அது. தவறு பெரிதாகத் தெரியும், திருந்தாது.

நான் கேட்பது இதுதான். ஓய்வு பெறும் துப்பாக்கிகளை ஒரேயடியாக உருக்காதீர்கள். ஒவ்வொன்றையும் சுட்டுப் பாருங்கள். தேறாததை உருக்குங்கள். தேறியதற்குக் கட்டையும் குழலும் விசையும் செப்பனிட்டு, போலீஸ் படைகளுக்கும் என்.சி.சி. மாணவர்களுக்கும் குறி பழகக் கொடுங்கள். 1966-இல் திருச்சியில் தொடங்கிய துப்பாக்கித் தொழிற்சாலை நம் வாசலிலேயே இருக்கிறது. வீட்டுக் கொல்லையில் ஆளாளுக்குச் செய்கிற காரியமல்ல இது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியை மாற்றியமைப்பதே குற்றம். அப்படி இருப்பதும் நியாயந்தான். சர்க்கார்தான் செய்ய வேண்டும். அதைவிட முக்கியம், தோட்டாவுக்குப் பணம் ஒதுக்க வேண்டும்.

நண்பரிடம் இவ்வளவையும் சொன்னேன். “நீங்கள் கதை எழுதுகிறவர், எதையும் உருக்கமாகச் சொல்வீர்கள்” என்று எழுந்து போய்விட்டார்.

போகட்டும். எனக்கு அந்த ஹவில்தாரின் திருப்புளிதான் நினைவில் நிற்கிறது. நான்கு துளைகளைச் சரிசெய்ய அது போதும். தள்ளி நின்ற ஐந்தாவதைச் சரிசெய்ய, அந்தப் பையன் கையில் இன்னும் கொஞ்சம் தோட்டா கொடுத்தாக வேண்டும்.