செட் சேர்க்கிறோம் என்று சைக்கிளைப் பிரிக்கலாமா?

1967இல் கையில் எவ்வளவு காசு இருந்தாலும், முழுக்க முழுக்க காம்பன்யோலோ பாகங்களாலேயே ஒரு பந்தய சைக்கிளைப் பூட்டியிருக்க முடியாது. கிராங்க், ஹப், பெடல், கியர் மாற்றி என்று எல்லாவற்றிலும் பேர் வாங்கியிருந்த அந்த இத்தாலிய நிறுவனம் அப்போது பிரேக் செய்யவில்லை. அதன் பிரேக் வெளியே தலைகாட்டியதே 1968 கடைசியில்தான். அதுவரை இத்தாலிய வண்டிகளில் மிலானின் யுனிவர்சல் பிரேக் இருக்கும், அல்லது சுவிட்சர்லாந்தின் வைன்மன், பிரான்சின் மஃபாக். செயினும் ஃப்ரீவீலும் ரெஜினா. ஹேண்டில் பார் சினெல்லி. உலகத்தின் முதல்தரப் பந்தயங்கள் இப்படிப்பட்ட கலப்பு வண்டிகளில்தான் ஓடி ஜெயிக்கப்பட்டன.

அப்படி ஒரு வண்டி இன்று ஐரோப்பாவில் யாருடைய பரணிலிருந்தோ இறங்கி விற்பனைக்கு வந்தால், "முழு செட் இல்லையே" என்று உதட்டைப் பிதுக்குகிறது சேகரிப்பு உலகம். பிறகு நடப்பது இன்னும் மோசம். வாங்குபவர் ஸ்பானரை எடுக்கிறார். கிராங்க் ஒரு நாட்டுக்கு, ஹப் இன்னொரு நாட்டுக்கு, கியர் மாற்றி மூன்றாவது நாட்டுக்குப் பார்சலாகிறது. வெறும் ஃபிரேம் சுவரோரம் நிற்கிறது. பிரித்து விற்றால் கூடுதல் காசு என்பது அந்த வட்டாரத்தில் எல்லோரும் அறிந்த கணக்கு.

இந்தப் பழக்கத்தைக் கொஞ்சம் கடிந்து சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய பாகங்களைச் சேர்ப்பதில் தப்பு ஒன்றும் இல்லை. ஒரே பெயர், ஒரே வரிசை, ஒரே ஆண்டு என்று 'குரூப்செட்' முழுமையாக இருந்தால்தான் மதிப்பு என்ற பிடிவாதம்தான் தப்பு. வரலாற்றுக்கு நெருக்கமாகப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு, வரலாற்றில் இல்லாத ஒன்றை அவர்கள் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

பழைய பாகத்தை அடையாளம் காண்பது உண்மையிலேயே ருசியான வேலை. காம்பன்யோலோவின் நுவோவோ ரெக்கார்டு பின் கியர் மாற்றியை எடுத்துக்கொள்ளலாம். 1967இல் வந்த அலுமினியப் பொருள், உள்ளங்கையில் அடங்கும். அழுக்கைத் துடைத்தால் மேல்பகுதியில் 'பேட்டன்ட்' என்ற சொல் தெரியும். 1970களில் செய்ததாக இருந்தால் பக்கத்திலேயே இரண்டு இலக்கம் இருக்கும்: 72, 75 என்று. காப்புரிமை வாங்கிய ஆண்டு என்று புதிதாக வருபவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள்; பாகம் செய்யப்பட்ட ஆண்டு அது. கிராங்கைத் திருப்பினால் பின்பக்கம் ஒற்றை எண் ஒன்று. அதைச் சுற்றி வைர வடிவக் கட்டம் இருந்தால் எழுபதுகள், வட்டம் இருந்தால் எண்பதுகள். வைரத்துக்குள் 6 என்றால் 1976. எண்ணே இல்லையென்றால் 1973க்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு அதிகம். பல்சக்கரத்தைப் பிடிக்கும் ஐந்து போல்ட்டும் அமரும் வட்டம் 151 மில்லிமீட்டர் என்றால் இன்னும் பழசு. அறுபதுகளின் பிற்பகுதியில் அது 144 ஆகச் சுருங்கியது. ஹப்பின் இரு ஓரத்து லாக்நட்டிலும் ஆண்டு பொறித்திருப்பார்கள். ஹப்பை முழுதாகத் துடைத்தாலும் அந்த நட்டின் முகத்தை மட்டும் துடைக்காமல் விட்டுவிட்டு, "ஆண்டு தெரியவில்லை" என்று விளம்பரம் கொடுப்பவர்கள் உண்டு.

அச்சும் பேசும். கிராங்க் அச்சைத் தாங்கும் கப்பில், நம் கடைகளில் பி.பி. கப் என்பார்களே, அதில் 36, 24 என்ற எண்கள் இருந்தால் இத்தாலிய மரை. 1.370 என்றிருந்தால் ஆங்கில மரை. ஆக்ஸிலிலேயே 70 அல்லது 68 என்று பொறிப்பு இருக்கும்: முன்னது இத்தாலிய ஃபிரேமின் அகலம், பின்னது ஆங்கில ஃபிரேமின் அகலம். தனியாகக் கிடக்கும் கப்பும் ஆக்ஸிலும் தாங்கள் எந்த நாட்டு மரைக்குப் பிறந்தவை என்று இப்படிச் சொல்லிவிடும். எந்த வண்டியில் ஓடின என்று மட்டும் சொல்லாது. கல்வெட்டுள்ள தூணைக் கோயிலிலிருந்து பெயர்த்தால் எழுத்து மிஞ்சும், ஊர் போய்விடும். அதே கதைதான் இங்கேயும்.

எழுபதுகளில் இத்தாலியச் சைக்கிள் பட்டறைகள் இன்னொரு வேலையும் செய்தன. காம்பன்யோலோவிடமிருந்து வாங்கிய கிராங்கிலும் பல்சக்கரத்திலும் தங்கள் பெயரையோ சின்னத்தையோ செதுக்கி வண்ணம் நிரப்பினார்கள். கொல்னாகோவின் இலைச் சின்னம் செதுக்கிய பல்சக்கரம் கொல்னாகோ ஃபிரேமில்தான் பொருள் தரும். அதைக் கழற்றி வேறொரு 'முழு செட்'டில் சேர்த்தால் இரண்டுமே அரைகுறையாகிவிடும்.

ஓட்டை போட்ட பாகங்கள் இன்னொரு தலைவலி. 1972 அக்டோபர் 25 அன்று மெக்சிகோ நகரத்தில் பந்தய வீரர் எடி மெர்க்ஸ் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டினார். எர்னெஸ்டோ கொல்னாகோ அந்த வண்டியின் எடையைக் குறைக்க ஹேண்டில் பார், செயின் என்று இடமிருந்த இடமெல்லாம் துளையிட்டிருந்தார். பிரஸ்ஸல்ஸில் மெர்க்ஸ் பெயரிலேயே உள்ள மெட்ரோ நிலையத்தில் அதை இன்றும் பார்க்கலாம். அதற்குப் பிறகு ஊரூராகத் துளை ஜுரம் பரவியது. உள்ளூர்ப் பந்தயக்காரர்கள் வீட்டுக் கொட்டகையில் பிரேக் லீவரையும் பல்சக்கரத்தையும் தாங்களே துளைத்தார்கள். சில துளைகள் அளவெடுத்த அழகு. சில, பார்த்தாலே பயம். 'கெட்டுப்போன பாகம்' என்று அவற்றை ஒதுக்கிவிட்டுத் துளையில்லாத ஒன்றைத் தேடிப் போடுவது இன்றைய வழக்கம். அந்தக் கோணல் துளைகளில்தான் அந்த வண்டியை ஓட்டியவனின் கை தெரிகிறது.

காம்பன்யோலோவின் பழைய கேம்பியோ கோர்சா வேறு ரகம். நாற்பதுகளில் வந்த கியர் முறை அது. சவாரிக்காரர் பின்னால் கைநீட்டி, பின்சக்கரத்துக்கு மேலே உள்ள ஒரு லீவரால் சக்கரத்தின் பிடியைத் தளர்த்த வேண்டும். பெடலைப் பின்னோக்கிச் சுழற்றிக்கொண்டே இன்னொரு லீவரால் செயினைத் தள்ள வேண்டும். சக்கரமே முன்னும் பின்னும் நகர்ந்து செயினை இழுத்துக்கொள்ளும். ஓடும் வண்டியில், மலைப்பாதையில், பந்தயத்தில். சக்கரம் கோணாமல் நகர்வதற்காக ஃபிரேமின் பின்முனையில் பற்கள் வெட்டியிருப்பார்கள். அந்தப் பற்கள் இல்லாத ஃபிரேமில் இது வேலை செய்யாது. ஆக, ஃபிரேமும் இந்தக் கருவியில் ஒரு பாகம். இருந்தும் லீவர்களை மட்டும் கழற்றிக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து விற்கிறார்கள், அதையும் வாங்குகிறார்கள்.

'முழு செட்' என்ற எண்ணம் வெறும் பித்து என்று தள்ளிவிடவும் முடியாது. அதற்கு ஒரு நியாயமான பிறந்த தேதி இருக்கிறது: 1984. ஜப்பானின் சாகாய் நகரத்து ஷிமானோ அந்த ஆண்டு டியூரா-ஏஸ் 7400 வரிசையைக் கொண்டுவந்தது. அதுவரை கியர் மாற்றுவது கைப்பழக்கம். லீவரை நகர்த்தி, சத்தம் அடங்கும் இடத்தை விரலால் தேட வேண்டும். 7400இல் லீவர் 'டக்' என்று ஒரு படி நகர்ந்தால் செயினும் சரியாக ஒரு பல்சக்கரம் தாவியது. இதற்கு லீவர், கம்பி, கியர் மாற்றி, பின் பல்வரிசை, செயின் எல்லாம் ஒன்றுக்கொன்று அளவெடுத்துச் செய்திருக்க வேண்டும். ஒன்றை மாற்றினால் தாளம் தப்பும். அதே ஷிமானோவின் மற்ற வரிசை கியர் மாற்றியை டியூரா-ஏஸ் 7400 லீவரோடு சேர்த்தால்கூடப் பொருந்தாது, இழுக்கும் கணக்கு வேறு. ஆக 1984க்குப் பிறகு செட் என்பது பொறியியல். அதற்கு முன் பெரும்பாலும் விலைப்பட்டியல். பிந்தைய காலத்தின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முந்தைய காலத்தைப் பார்ப்பதில்தான் இத்தனை வண்டிகளும் பிரிபடுகின்றன.

அந்த 7400கூடக் கலப்படமில்லாத பிறவி இல்லை. அதன் கியர் மாற்றி சாய்வாக நகரும். மேல் உருளை எல்லாப் பல்சக்கரங்களிலிருந்தும் ஏறக்குறைய ஒரே தூரத்தில் நிற்கும். இந்த யோசனை சன்டூர் பெயரில் விற்ற மேய்டா நிறுவனத்தினுடையது, 1964இல் வந்தது. அதன் காப்புரிமை எண்பதுகளின் நடுவில் காலாவதியான கையோடு ஷிமானோ எடுத்துக்கொண்டது. மேல் முளையில் ஸ்பிரிங் வைப்பதை பிரான்சின் சிம்ப்ளெக்ஸ் அறுபதுகளிலேயே செய்துவிட்டது. இருபது ஆண்டுகள் உலகத்திலேயே சிறந்த கியர் மாற்றும் கருவியை விற்ற சன்டூர், 'டக்' சத்தத்துக்குத் தாமதமாக வந்து, சில ஆண்டுகளில் வேறு கைக்குப் போயிற்று. சன்டூரின் சூப்பர்ப் புரோ பாகங்கள் இன்றும் இத்தாலியப் பாகங்கள் அளவுக்கு மதிக்கப்படுவதில்லை. கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு அது புரியாத புதிர்.

ஷிமானோ பாகங்களுக்கு ஆண்டு சொல்வது எளிது. பின்பக்கம் இரண்டு ஆங்கில எழுத்து. முதல் எழுத்து ஆண்டு: ஏ என்றால் 1976, பி என்றால் 1977. இரண்டாவது மாதம்: ஏ ஜனவரி, எல் டிசம்பர். இசட் 2001இல் முடிந்து 2002இல் மறுபடி ஏ. ஒரே எழுத்து இருபத்தாறு ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை வரும் என்பதால் பாகத்தின் வடிவத்தையும் பார்த்தாக வேண்டும். எழுத்தை மட்டும் நம்பி வாங்கி மாட்டிக்கொள்ள வேறு வழிகளும் இருக்கின்றன. 1980களின் தொடக்கத்தில் வந்த டியூரா-ஏஸ் ஏ.எக்ஸ் கிராங்கின் பெடல் துளை ஓர் அங்குல அகலம். அதற்கென்று செய்த பெடல் தவிர வேறெதுவும் ஏறாது. பெடல் இல்லாமல் கிராங்கை மட்டும் வாங்கியவருக்கு மேசையில் காகிதம் பறக்காமல் வைக்க ஒரு அழகான பொருள் கிடைத்தது.

அழகு என்றால் காம்பன்யோலோவின் டெல்டா பிரேக். எண்பதுகளின் நடுவில் வந்தது. முக்கோண மூடிக்குள் நான்கு கை விரிந்து மடங்கும் பொறி. வெளியே வழவழவென்று ஒரே முகம். கனம் அதிகம். கம்பியை இறுக்க 3.5 மில்லிமீட்டர் ஆலன் கீ வேண்டும், யார் பையிலும் இருக்காத அளவு. பிடிக்கும் திறமோ சுமார். முதல் வடிவத்தை நிறுவனமே திரும்பப் பெற்றது; அது திருந்தி வரும்வரை நீலக்கல் பதித்த கோபால்டோ பிரேக் அந்த இடத்தை நிரப்பியது. அதாவது கோபால்டோ போட்ட எண்பதுகளின் நடுப்பகுதி வண்டி ஒன்று கிடைத்தால், அது அந்த இக்கட்டான இடைவெளியின் சாட்சி. அதைக் கழற்றி டெல்டா போட்டு 'முழுமை'யாக்குபவர் சாட்சியைக் கலைக்கிறார்.

கலப்பு என்பது பாகங்களோடு நிற்கவில்லை. 1949இல் முருகப்பா குழுமம் இங்கிலாந்தின் ட்யூப் இன்வெஸ்ட்மென்ட்ஸோடு சேர்ந்து தொடங்கியதுதான் அம்பத்தூரின் டி.ஐ. சைக்கிள்ஸ். அதே ட்யூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் 1960இல் ராலே நிறுவனத்தை வாங்கியது. 1972 முதல் 1983 வரை ஐரோப்பியப் பந்தயங்களைக் கலக்கிய அணியின் பெயர் டி.ஐ.-ராலே, 1980 டூர் த பிரான்ஸை யோப் சூட்டமெல்க் அந்த அணிக்காக வென்றார். டச்சுக்காரர் ஓட்டிய ஆங்கில ஃபிரேமில் இத்தாலியப் பாகங்கள். நம்மூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் செய்த, கியரே இல்லாத ஹெர்குலிஸில் பால் கேனைத் தொங்கவிட்டு மிதித்தவர்களுக்கும் அந்த அணிக்கும் இப்படி ஒரு தூரத்து உறவு.

பிரிப்பதற்கு ஆதரவாகச் சொல்ல ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. ஃபிரேம் விபத்தில் வளைந்திருக்கலாம், துருவேறி உள்ளே ஓட்டை விழுந்திருக்கலாம். அப்போது பாகங்களைக் காப்பாற்றுவதே சரி. பழைய வண்டியை ஓட்டுபவர்களுக்கு மாற்றுப் பாகம் தேவை. காம்பன்யோலோ கிராங்குகளில் பல்சக்கரக் கைகள் கிளைவிடும் இடத்தில் மயிரிழை வெடிப்பு வருவது அறிந்த நோய், வெடித்ததை வைத்துக்கொண்டு மலை இறங்கச் சொல்ல முடியாது. 1983இல் காம்பன்யோலோ தன் ஐம்பதாம் ஆண்டுக்காகப் பெட்டியில் அடுக்கி விற்ற செட் போல, பெட்டிக்கென்றே பிறந்தவையும் உண்டு. அவற்றைச் சேர்ப்பவரோடு யாருக்கும் சண்டை இல்லை.

இத்தாலியின் தஸ்கனியில் 1997 முதல் நடக்கும் லெரோய்கா என்ற பழைய சைக்கிள் சவாரி, கலப்பை ஏற்பதில் நல்ல முன்மாதிரி. 1987க்கு முந்தைய பந்தய வண்டியா, கியர் லீவர் ஃபிரேமின் கீழ்க்குழாயில் இருக்கிறதா, பிரேக் கம்பி ஹேண்டில் பாருக்கு வெளியே தெரிகிறதா, பெடலில் கால்விரல் கூடும் வாரும் உண்டா என்றுதான் பார்க்கிறார்கள். எல்லாம் ஒரே கம்பெனியா என்று கேட்பதில்லை.

சேகரிப்பாளர்கள் செய்யக்கூடியது பெரிய தியாகம் எதுவும் இல்லை. கழற்றுவதற்கு முன் வண்டியை இரு பக்கமும் படம் எடுக்கலாம். ஃபிரேம் எண்ணையும் ஒவ்வொரு பாகத்தின் ஆண்டுக் குறியையும் ஒரு தாளில் எழுதி, விற்கும் பாகத்தோடு அனுப்பலாம். அலுமினியத்தைக் கண்ணாடியாக மெருகேற்றி மேல்பூச்சையும் எழுத்தையும் தேய்த்துவிடாமல் இருக்கலாம். வாங்குபவர் "எந்த வண்டியிலிருந்து?" என்று ஒரு கேள்வி கேட்கலாம், அந்தக் கேள்விக்குப் பதில் உள்ள பாகத்துக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். சந்தை இந்த மொழியைச் சீக்கிரம் கற்றுக்கொள்ளும்.

அவசரம் இப்போது வேறிடத்தில் இருக்கிறது. காம்பன்யோலோ வண்டிகளில் பிரிபட வேண்டியவை பெரும்பாலும் பிரிந்தாயிற்று. அடுத்த வரிசையில் நிற்பவை எழுபதுகளின் கடைசியில் வந்த, உலோகத்தில் பூவேலை செதுக்கிய ஷிமானோ 600 பாகங்கள் பூட்டிய நடுத்தர விலை வண்டிகள். யுனிவர்சலும் வைன்மனும் கலந்த பழைய இத்தாலிய வண்டிகளைப் போலவே இவற்றிலும் பிரேக் ஒரு கம்பெனி, ஹப் ஒரு கம்பெனி. இவை இன்னும் மலிவாகவும் முழுசாகவும் கிடைக்கின்றன, அதனாலேயே யாரும் எதையும் குறித்து வைப்பதில்லை.