பள்ளக்காணியைத் தேடி வரும் இறைவன்



மார்கழி மாதத்தில் செங்கலடியைக் கடந்து செல்வோர் இருபுறமும் பயிரின் பசுமையைக் கண்டு மகிழ்வர். அவ்வயல்களை விதைத்தவர்களோ வானத்தையே பார்த்திருப்பர். மழை குறைந்தாலும் அச்சம், கூடினாலும் அச்சம். இந்த அச்சத்தின் நடுவில்தான் ஆண்டுதோறும் நமக்குத் திருவருகைக் காலம் வருகிறது. அதன் மூன்றாம் ஞாயிறன்று திரு அவை ஊதா நிறத்தைச் சற்றே விலக்கி, ரோசா நிற மெழுகுதிரியை ஏற்றி, மகிழ்ச்சியாயிருக்குமாறு நம்மை அழைக்கிறது.

எவ்வாறு மகிழ்வது? 2011 தை மாத வெள்ளம் மட்டக்களப்பு மாவட்டத்தின் விளைந்த வயல்களை மூழ்கடித்தது. 2025ஆம் ஆண்டில் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறுக்கு இரண்டு நாட்களுக்கு முன்னர், நவம்பர் 28ஆம் திகதி, டித்வா புயல் நம் நாட்டைத் தாக்கியது. 600க்கும் மேற்பட்ட உயிர்கள் பறிபோயின. வெள்ளம் வரும்போதெல்லாம் முதலில் மூழ்குவது பள்ளக்காணியே. மேட்டு நிலம் வாங்க வசதியற்றவரின் வீடு அங்கேதான் இருக்கிறது. 'தாழ்ந்தோரைக் கடவுள் கண்ணோக்குகிறார் என்கிறீர்களே, தண்ணீர் ஏன் எங்களையே முதலில் தேடி வருகிறது?' என்று அவர்கள் கேட்டால், அது விசுவாசக் குறைவு அன்று. சிறையிலிருந்த திருமுழுக்கு யோவானும் தம் சீடர்களை இயேசுவிடம் அனுப்பி, வரவிருந்தவர் அவர்தாமா என்று கேட்டார். ஆண்டவர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை.

இக்கேள்விக்கு எளிதான விளக்கம் எதுவும் என்னிடம் இல்லை. ஆனால் அன்னை மரியா பாடிய வேளையை நினைத்துப் பாருங்கள். பழைய ஏற்பாட்டில் பெயர்கூடக் குறிக்கப்படாத நாசரேத்து என்னும் சிற்றூரின் பெண் அவர். அவர் பாடியபோது உரோமையரின் ஆட்சி நீங்கியிருக்கவில்லை; ஏரோதின் கொடுமை ஓய்ந்திருக்கவில்லை; ஊரார் என்ன சொல்வார்களோ என்ற நிலையும் மாறியிருக்கவில்லை. துன்பம் தீர்ந்த பின்பு பாடிய பாடல் அன்று அது. தாழ்நிலையில் இருந்த தம்மைக் கடவுள் கண்டார் என்ற உறுதியே அவருடைய மகிழ்ச்சி. கண்டவரோ மேட்டில் நின்று ஆறுதல் சொல்லவில்லை. இடமின்றித் தீவனத் தொட்டியில் கிடத்தப்படும் அளவுக்குப் பள்ளத்தில் இறங்கி வந்தார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அப்பாடல் மரியாவின் சொந்த வீட்டில் பிறக்கவில்லை. முதிர்ந்த வயதில் கருவுற்றிருந்த எலிசபெத்தைத் தேடி மலைநாட்டுக்கு விரைந்து சென்ற இடத்தில் பிறந்தது. கடவுளின் பராமரிப்பு பெரும்பாலும் இன்னொரு தாழ்ந்தவரின் கால்களால் நடந்தே நம் வாசலுக்கு வருகிறது. 2004 மார்கழி 26ஆம் திகதி ஆழிப்பேரலை நம் கரையோரத்தை அழித்தபோது, இந்துவா, முஸ்லிமா, கிறிஸ்தவரா என்று கேளாமல் சோற்றுப்பானையை அடுப்பில் ஏற்றிய வீடுகளை நாம் மறக்கலாமா? தங்களுக்கே போதாத அரிசியைப் பகிர்ந்தவர்களும் அங்கு இருந்தார்கள்.

ஆகவே திருவருகைக் காலம் வெறுமனே காத்திருக்கும் காலம் அன்று. வாவி நிரம்பி வயல்கள் மூழ்கும்போது நம் மக்கள் என்ன செய்கிறார்கள்? முகத்துவாரத்தில் மணல்திட்டை வெட்டிவிடுகிறார்கள். கடலுக்கும் வாவிக்கும் இடையே கிடப்பது வெறும் மணல்தான். ஆயினும் அது வெட்டப்படும்வரை எத்தனையோ வீடுகளில் தண்ணீர் வடிவதில்லை. மலைகள் தாழ்த்தப்பட வேண்டும் என்று யோவான் முழங்கியபோது, நம் உள்ளத்தின் இத்தகைய மேடுகளையே சுட்டினார். நம் வயலில் உழைத்தவரின் கூலியை நிறுத்தி வைத்திருப்பது ஒரு மேடு. நுண்கடன் தவணைக்காகக் கலங்கும் அயல்வீட்டுத் தாயைக் காணாததுபோல் கடந்து செல்வது மற்றொரு மேடு. நத்தார் உடைகளை எண்ணும் பிள்ளைக்கு, உடையில்லாத பிள்ளையின் பெயரைச் சொல்லிக்கொடுக்காததும் மேடுதான்.

இந்த வாரம் உங்கள் குடும்பச் செபத்திற்குப் பின்னர், வெட்டிவிட வேண்டிய ஒரு மேட்டைத் தெரிந்துகொள்ளுங்கள். கொடுக்கவேண்டிய கூலியைப் பெருவிழாவுக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். ஒரு வீட்டின் கதவைத் தட்டுங்கள். பள்ளக்காணியில் வாழ்பவராக நீங்களே இருப்பின், உங்களைக் கடவுள் காணவில்லை என்று எண்ணிவிடாதீர்கள். அவர் பிறக்கத் தெரிந்துகொண்ட நிலம் உங்களுடையதே.

முன்மாரிக்கும் பின்மாரிக்குமாகப் பொறுமையுடன் காத்திருக்கும் உழவரைத் திருத்தூதர் யாக்கோபு நமக்கு முன்மாதிரியாகக் காட்டுகிறார். விதைத்தவரின் நம்பிக்கையோடும் மரியாவின் மகிழ்ச்சியோடும் ஆண்டவரை வரவேற்போம். அவருடைய அமைதி உங்கள் இல்லங்களை நிறைப்பதாக!